அக்கரையில் என் ராஜ்யம்

வேமுலபேட்டை, குண்டூர் ஜில்லா
1921 மே 20

அண்ணா கோட்டய்யாவுக்கு சேஷம்மா எழுதுவது.

க்ஷேமம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். கூட்டத்தில் கை தூக்கிச் சத்தியம் செய்கிற ஆண்களுக்கு ஒரு குறையும் வராது, அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் வரும்.

சர்க்கார் நம் ஊரை நகரசபை ஆக்கியது எனக்கும்தான் பிடிக்கவில்லை. தெருவிளக்கு போடுகிறோம், சாக்கடை கட்டுகிறோம் என்று வரியை ஏற்றினார்கள். விளக்கும் வரவில்லை, சாக்கடையும் வரவில்லை. நான் ஒரு காசு கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. ஆனால் வரி கட்டமாட்டேன் என்பதற்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரையே காலி செய்வதற்கும் வித்தியாசம் இல்லையா? ஜனங்களே இல்லாத ஊருக்கு நகரசபை எதற்கு என்று கூட்டத்தில் காங்கிரஸ் தலைவர் கேட்டாராம். பக்கத்தில் சீராலாக்காரர்கள் ஊரைக் காலி செய்து கிளம்பிவிட்டார்கள், நாமும் கிளம்புவோம் என்றாராம். உடனே நீங்கள் எல்லாரும் வாய்க்காலைத் தாண்டி மணல்காட்டில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்குக் கோதண்டபுரம் என்று பேரும் வைத்துவிட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். நகரசபை ஒழிகிற வரைக்கும் நானும் என் குடும்பமும் இந்த எல்லைக்குள் கால் வைக்கமாட்டோம் என்று கை தூக்கிச் சத்தியம் செய்தாயாமே, அந்தக் குடும்பத்தில் உன் மகள் ராஜ்யமும் சேர்த்தியா? அதை மட்டும் சொல்.

அவள் இப்போது உன் மகள் மட்டும் இல்லை. என் மகன் வீரபத்ரம் மாசியிலேயே அவளுக்குத் தாலி கட்டியாயிற்று. நாள் சரியில்லை, வைகாசியில் அழைத்துக்கொள் என்றது நீ. வைகாசி வந்துவிட்டது. நான் வாசற்படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று ஒருவர் பேரை ஒருவர் சொல்லிவிட்டு உள்ளே வந்தால்தான் குடித்தனம். அதுவரை தனித்தனிதான். இதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் படி என் வீட்டுக்காரர் தன் கையால் தேக்கில் செதுக்கி இறக்கியது. வெள்ளம் உள்ளே வரக்கூடாதென்று ஒரு சாண் உயரம் வைத்தார். நீ வரும்போதெல்லாம் அதில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, 'இது வாசற்படியா, கோட்டை மதிலா' என்று திட்டுவாய். அவர் போன பிறகும் அந்தப் படியில் விளக்கு வைக்காத நாள் கிடையாது. என் மருமகள் அதைத் தாண்டித்தான் இந்த வீட்டுக்குள் வரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷ ஆவக்காயில் உனக்கு ஜாடி கிடையாது. வீரபத்ரம்தான் இதைக் கொண்டுவருகிறான். பதிலைக் கொடுத்து உடனே அனுப்பு.

சேஷம்மா

●

கோதண்டபுரம்
1921 மே 23

தங்கச்சி சேஷம்மாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஜாடி விஷயம் வந்த இடத்தில் அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தை என்மேல் காட்டு, ஊறுகாய்மேல் ஏன் காட்டுகிறாய்?

கூட்டத்தில் ஆயிரம் கை எழும்பும்போது, யாரைச் சேர்த்தேன், யாரை விட்டேன் என்று எவனாவது யோசித்துக்கொண்டு நிற்பானா? ஊர் மொத்தமும் எழுந்தது, நானும் எழுந்தேன். வைகாசி எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நாலு வாரத்தில் சர்க்கார் இறங்கிவிடும், அதற்குப் பிறகு மேளதாளத்தோடு கொண்டுவந்து விடலாம் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கே நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று நீ சந்தோஷப்படவேண்டாம். காற்றடித்தால் கூரை பறக்கிறது, சோற்றில் மணல் இருக்கிறது, நேற்று என் செருப்புக்குள் தேள் இருந்தது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. செட்டிகளும் சாலியரும் ஒரே கிணற்றில் இறைக்கிறோம். ஊரில் என்றைக்காவது அப்படி இறைத்தோமா? ராஜ்யம் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். பலகை கிடையாது, மணலிலேயே எழுதுகிறார்கள்.

பக்கத்துக் குடிசை காலியாக இருக்கிறது. நீயும் வீரபத்ரமும் வந்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே என்ன பேர் தெரியுமா? உன்னை 'நகரசபை அம்மா' என்கிறார்கள். நான் முறைத்தால் நிறுத்திவிடுகிறார்கள். நான் எத்தனை பேரை முறைப்பது?

மாப்பிள்ளையை உடனே அனுப்பச் சொன்னாய். பதில் தயார் என்று நான் காலையிலேயே சொல்லிவிட்டேன். அவன் இன்னும் கிணற்றடியில் யாருக்கோ தண்ணீர் இறைத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கோட்டய்யா

●

வேமுலபேட்டை
1921 ஜூலை 17

அண்ணாவுக்கு,

நகரசபை அம்மா எழுதுகிறேன்.

நாலு வாரம் என்றாய். ஆடி பிறந்துவிட்டது. சர்க்கார் இறங்கியதாகத் தெரியவில்லை, மழைதான் இறங்கியிருக்கிறது. வரி கேட்டு வருகிறவன் வாரம் தவறாமல் வருகிறான். கட்டமுடியாது என்று நான் சொல்கிறேன், அவன் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறான். நான் ஓடிப்போகாமலே போராடிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்கள் மணல்காட்டுக்குத் தெரியட்டும்.

வீரபத்ரம் கடிதம் கொண்டுபோகிறேன் என்று கிளம்புகிறான். கடிதமே எழுதாத நாளிலும் கிளம்புகிறான். திரும்பும்போது காலெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு. இருந்த ஒரு சீமைத் துணிச் சட்டையையும் கொளுத்திவிட்டு வந்து நிற்கிறான். கேட்டால் அங்கே எல்லாரும் கொளுத்தினார்களாம். இப்படியே போனால் என் ஒரே பிள்ளை மாமனார் குடிசையில் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிடுவான். அவன் அப்பாவின் பேருக்கு அப்படி ஒரு இழுக்கு வர நான் விடமாட்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நீங்கள் சுயராஜ்யம் கேட்கிறீர்கள். அது வெள்ளைக்காரனுக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு. நான் என் ராஜ்யத்தைக் கேட்கிறேன். இது எனக்கும் உனக்கும் உள்ள வழக்கு. உன் மகளுக்கு அந்தப் பேரை வைத்தது நான்தான். தொட்டிலில் போட்டு மூன்று தடவை காதில் சொன்னது நான்தான். ஐப்பசிக்குள் அவள் என் படி தாண்டி வரவில்லையென்றால், வீரபத்ரத்துக்கு வேறு இடம் பார்ப்பேன். பாபட்லாவில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பதில் எழுது.

சேஷம்மா

●

கோதண்டபுரம்
1921 ஆகஸ்ட் 2

சேஷம்மாவுக்கு,

பாபட்லாவா? தாராளமாகப் பார். பார்த்த அன்றைக்கே எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருந்தாள் என்பதை மறந்துவிடுகிறேன்.

இதற்குமேல் எழுதக்கூடாதென்று பேனாவை வைத்துவிட்டேன். உன் அண்ணிதான் திரும்ப எடுத்துக் கையில் கொடுத்தாள். நடந்ததை எழுதாவிட்டால் அவள் எனக்குச் சோறு போடமாட்டாளாம். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ராஜ்யத்தைக் கூப்பிட்டேன். சத்தியம் என்னுடையது, உன்னை அதிலிருந்து விடுவிக்கிறேன், அத்தை வீட்டுக்குப் போ என்றேன். ஊர் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீங்க தூக்குனது உங்க கையை, நாயனா. பக்கத்துல நின்னு நானும் என் கையைத் தூக்குனேன். என் சத்தியத்தை நீங்க எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

நான் கவனிக்கவே இல்லை, சேஷம்மா. அவள் என் பக்கத்தில்தான் நின்றாள், கை தூக்கினாள், நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் எழுதமுடியும்.

அவள் உன்னை வேண்டாம் என்கிறாள் என்று நினைக்காதே. வாசலில் வீரபத்ரத்தின் பேரைச் சொல்லவேண்டும் அல்லவா, கூச்சத்தில் நாக்குக் குழறிவிடக்கூடாதென்று தண்ணீர் எடுக்கப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்க்கிறாளாம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே, தலைகால் புரியாமல் ஆடுவான்.

பாபட்லாக்காரர்களுக்கு என் நமஸ்காரம்.

கோட்டய்யா

●

வேமுலபேட்டை
1921 செப்டம்பர் 6

அண்ணா,

வீரபத்ரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உனக்கு அதற்குள் தெரிந்திருக்கும். உன் கண்ணெதிரே நடந்ததுதானே. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. இருந்தாலும் என் பக்கத்தை எழுதுகிறேன், எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

உன் போன கடிதத்தை நான் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அவன் எடுத்துப் படித்துவிட்டான். ராஜ்யம் அவன் பேரைச் சொல்லிப் பழகுகிறாள் என்று தெரிந்ததும் பையனுக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறீர்கள், நடுவில் நாங்கள் காய்கிறோம் என்று என்னிடம் கத்தினான். நான் பதிலுக்குப் பாபட்லா என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கவேண்டாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்கு நடுவே வாய்க்கால் மதகுப் பாலத்துக்குப் போய், இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையில் இருந்த உன்னைப் பார்த்துக் கூவினானாம்:

"மாமா! என் ராஜ்யம் எனக்கு வேணும்! எத்தனை நாளைக்குத் தராம வச்சிருப்பீங்க? என் ராஜ்யத்தை என் கையில ஒப்படைச்சிட்டு மறுவேலை பாருங்க!"

நம் ஊர்க்காரர்களுக்கு யாரைக் கேட்கிறான் என்று தெரியும். தெரிந்தும் இரண்டு கரையிலும் நின்று, 'என் ராஜ்யம் எனக்கு வேணும்' என்று கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறார்கள். பாவிகள், அவர்களுக்கு விளையாட்டு. மதகில் நின்ற ஹெட் கான்ஸ்டபிள் நெல்லூரிலிருந்து புதிதாக வந்தவன். அவனுக்கு என்ன தெரியும்? கலெக்டர் துரையைத்தான் மாமா என்று கேலி செய்கிறான், ஆட்சியை ஒப்படைக்கச் சொல்லிக் கூட்டத்தைத் தூண்டுகிறான் என்று எழுதிக்கொண்டு விலங்கு மாட்டிவிட்டான்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். ராஜ்யம் என்பது அவன் பெண்டாட்டி பேர் ஐயா என்றேன். அங்கே எல்லாரும் சிரித்தார்கள். யாராவது பெண்ணுக்கு அப்படிப் பேர் வைப்பார்களா என்கிறான் அந்த ஹெட். நான்தான் வைத்தேன் என்றேன். வெள்ளிக்கிழமை மாஜிஸ்டிரேட் முன்னால் வழக்கு. அந்தப் பெண் நேரில் வந்து நின்று, என் பேர் ராஜ்யம், என்னைத்தான் கூப்பிட்டார் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் குமாஸ்தா சொல்கிறார். கோர்ட்டுக் கச்சேரி நகரசபை எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அதையும் நான் எழுதவேண்டுமா?

உன்னைத் திட்ட எவ்வளவோ இருக்கிறது, இப்போது தெம்பில்லை. அவன் பசி தாங்கமாட்டான், அண்ணா.

சேஷம்மா

●

கோதண்டபுரம்
1921 செப்டம்பர் 7

தங்கச்சி,

அழாதே. நான் இருக்கிறேன்.

அவன் கூவியபோது நான் அக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். விலங்கு மாட்டியதும் தண்ணீரில் குதித்தேன். பாதி வாய்க்காலில் பிள்ளைகள் என்னைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். எல்லையைத் தாண்டிவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். எனக்கு அந்த நேரத்தில் எல்லையும் தெரியவில்லை, சத்தியமும் தெரியவில்லை. என் தங்கை பிள்ளை போகிறானே என்பதுதான் தெரிந்தது.

ராஜ்யத்தை வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு அனுப்பிவிடலாம் என்று இங்கே பெரியவர்களிடம் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஒரு வீடு உள்ளே போனால் இன்னும் பத்து வீடு பின்னாலேயே போகும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழையில் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல், எல்லாருக்குமே வீடு ஞாபகம் வந்துவிட்டது. போனால் போகட்டும், சேஷம்மா.

சாயங்காலம் ராஜ்யம் என் முன்னால் வந்து நின்றாள். "அத்தை கூப்பிட்டா வர்றேன். வேற யார் சொன்னாலும் வரமாட்டேன்" என்றாள்.

எனக்கு வலித்தது, மறைப்பானேன். ஆனால் இப்போது அது உன் கையில் இருக்கிறது. ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். மதகு வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

கோட்டய்யா

●

வேமுலபேட்டை
1921 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை

அண்ணா,

உனக்கு ஒரு வரி வரவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். 'ராஜ்யம், வா' என்று எழுதிவிட்டேன். நாலு மாதமாக நான் கேட்டது அதுதான், இப்போது கூப்பிட்டால் வந்துவிடுவாள். அப்புறம் ஏன் என்று தெரியவில்லை, முதலில் நான் மட்டும் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன் என்று அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன்.

வீரபத்ரம் கூண்டில் நின்றான். இளைத்திருந்தான். நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் வேறு வழக்கில் அவனோடு நின்றார்கள். மாஜிஸ்டிரேட் நல்ல மனிதர்தான், வெள்ளைக்காரர் இல்லை, நம் ஆள், உட்காரச் சொன்னார். மருமகள் பேர் ராஜ்யமா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கனிவாகச் சொன்னார்:

"அப்போ உங்க பையன் பொண்டாட்டியைத்தான் கேட்டான், சுயராஜ்யத்தை இல்ல. அந்தப் பேச்சே அவனுக்கு வேண்டாம். அப்படித்தானேம்மா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலம் அந்தப் பொண்ணைக் கூட்டி வந்து காட்டுங்க. பையனைக் கூட்டிட்டுப் போகலாம்."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மருமகள் ஏன் அக்கரையில் இருக்கிறாள்? அவளுக்கும் எனக்கும் சண்டையா? என் மகன் கெட்டவனா? கேட்காத ஊரை நகரசபை ஆக்கி, முடியாத வரியைப் போட்டு, ஊரை இரண்டாகப் பிளந்தது யார்? அது ஒழிந்தால் அவள் நாளைக்கே வருவாள். நாலு மாதமாக உன்னைத் திட்டினேனே, அண்ணா, வழக்கு எனக்கும் உனக்கும் என்று எழுதினேனே. வழக்கு நமக்குள் இல்லவே இல்லை.

வீரபத்ரத்தைப் பார்த்தேன். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிறானா, சொல் என்கிறானா, எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பட்டதைச் சொன்னேன்:

"ராஜ்யம் என் மருமக பேருதாங்க. ஆனா அந்த ராஜ்யம் கிடைச்சாத்தான் இந்த ராஜ்யம் என் வீட்டுக்கு வரும். அதனால ரெண்டையும்தான் கேட்டான். நானும் ரெண்டையும்தான் கேக்கிறேன்."

மாஜிஸ்டிரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மூன்று மாதம் என்று எழுதினார். வீரபத்ரம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் வந்தது. படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

இடுப்பில் இருந்த சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். ராஜ்யத்திடம் சொல், அத்தை கூப்பிடவில்லை என்று. அவள் முதன்முதலாக வந்து நிற்கிற இடம் என் வாசலாக இருக்கவேண்டும், கச்சேரியாக இருக்கக்கூடாது. பாபட்லாவில் யாரும் கேட்கவில்லை, நான் சும்மா சொன்னேன்.

இதோடு வருகிற ஜாடியைப் பத்திரமாக இறக்கச் சொல். வைகாசியிலேயே போட்டு உன் பேர் எழுதி வைத்ததுதான்.

சேஷம்மா

●

கோதண்டபுரம்
1921 அக்டோபர் 28

தங்கச்சி சேஷம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் படிக்கச் சொன்னார்கள். பாதியிலேயே கடிதத்தைக் கீழே இறக்கிவிட்டேன். ராஜ்யம் வாங்கி மீதியைப் படித்தாள். அன்றைக்குத் திரும்பிப்போக மூட்டை கட்டிவைத்திருந்தவர்கள் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். இப்போது உனக்கு இங்கே என்ன பேர் என்று நான் சொல்லமாட்டேன், உனக்குத் தலைக்கனம் வந்துவிடும். நகரசபை அம்மா இல்லை.

ஜாடி காலி. தெருவே வந்து நக்கிவிட்டுப் போயிற்று. எனக்குக் கிடைத்தது இரண்டு துண்டு.

ஒரு விஷயம். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. முன்னால் நின்று பேசுகிறவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்தது நான் என்று பேச்சு அடிபடுகிறது. பயம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். என்னை மதகைத் தாண்டாமல் கொண்டுபோவார்களா, தாண்டி எல்லைக்குள் கொண்டுபோவார்களா என்பதுதான் எனக்குக் கவலை. விலங்கோடு போனால் அது நான் கால் வைத்ததாக ஆகாது என்று இங்கே தீர்மானித்திருக்கிறார்கள். நானும் அதற்குக் கை தூக்கினேன். இந்தத் தடவை பக்கத்தில் யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் தூக்கினேன்.

வீரபத்ரம் விடுதலையாகி வரும்போது நான் இல்லையென்றால் எனக்காகக் காத்திருக்காதே. அந்தப் பிள்ளைகளை இதற்குமேல் காய விடக்கூடாது. எப்படி, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்கிறபடி நடக்கட்டும்.

கோட்டய்யா

●

1921 டிசம்பர் 18

ராஜமுந்திரி சிறையில் இருக்கும் அண்ணா கோட்டய்யாவுக்கு சேஷம்மா நமஸ்காரம். இதைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கப்போகிற அதிகாரிக்கும் நமஸ்காரம். ஐயா, இதில் ராஜ்யம் என்று வருகிற இடமெல்லாம் என் மருமகள்தான். இன்னொன்றைச் சொல்லும்போது சொல்லிவிட்டே சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் எல்லாரும் சுகம். தலைப்பில் ஊர் எழுதவில்லை என்று பார்த்திருப்பாய். கடைசியில் எழுதுகிறேன்.

உன்னைப் பிடித்துக்கொண்டு போன வாரத்திலேயே என் வீட்டுக்கும் வந்தார்கள். வரிக்கு ஈடாகக் கதவைக் கழற்றினார்கள். மோர் குடிக்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். படியையும் பெயர்க்கப் பார்த்தார்கள், அது அசையவில்லை. உன் மைத்துனர் அப்படி இறக்கியிருக்கிறார். வியர்த்து விறுவிறுத்துக் கதவோடு போனார்கள். கதவில்லாத வீட்டில் படியில் உட்கார்ந்து நான் யோசித்தேன். மருமகளை எல்லைக்குள் கூப்பிடமாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவளோ இந்தப் படியைத் தாண்டித்தான் வரவேண்டும். இவர்கள் கதவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், நான் ஏன் படியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது?

வீரபத்ரம் விடுதலையாகி வந்த மறுநாள் தச்சரைக் கூட்டிவந்தேன். அரைநாள் பிடித்தது. அடியில் உன் மைத்துனர் வைத்த செப்புக்காசும் நவதானிய முடிச்சும் அப்படியே இருந்தன. அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டேன். படியை வண்டியில் ஏற்றி, நான் பக்கத்தில் நடந்தேன். மதகில் அதே ஹெட் கான்ஸ்டபிள். வண்டியில் என்ன என்று கேட்டான். வாசற்படி என்றேன். வாசற்படியைக் கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று யோசித்தான் போலிருக்கிறது, பிறகு வழி விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டான்.

நீ காலி என்று சொன்ன குடிசையின் முன்னால் குழி தோண்டி, காசையும் முடிச்சையும் போட்டுப் படியை இறக்கினார்கள். ஓலைக் குடிசைக்கு ஒரு சாண் உயரத்தில் தேக்குப் படி. ஊரே கூடிச் சிரித்தது, நானும் சிரித்தேன். மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன், மேலே அரிசி நிறைத்த செம்பை வைத்தேன். இரண்டு பேரும் மாலையோடு வந்து நின்றார்கள். தெருப் பெண்கள் குறுக்கே கையை நீட்டி, பேரைச் சொன்னால்தான் விடுவோம் என்று மறித்தார்கள்.

ராஜ்யம் ஒரு தடவைகூடக் குழறவில்லை. ஏழு மாதமாகப் பழகிய பேர் அல்லவா, தண்ணீர் மாதிரி வந்தது. "வீரபத்ரத்தோட நான் வந்திருக்கேன், வழி விடுங்க" என்றாள். சொன்னபிறகுதான் வெட்கப்பட்டாள்.

அவன் முறை வந்தது. வாயைத் திறந்தான், மூடினான். எதிரே அந்த ஹெட் நிற்கிறான். அந்தப் பேரைச் சொன்னதற்குத்தான் பையன் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்திருக்கிறான். எல்லாரும் ஹெட்டைப் பார்த்தார்கள், ஹெட் என்னைப் பார்த்தான். ராஜ்யம் அவன் சுண்டுவிரலைப் பிடித்து லேசாக இழுத்தாள். அவன் நிமிர்ந்தான்.

"நான் வீரபத்ரம். என் ராஜ்யம் என்கூட வந்திருக்கு. வழி விடுங்க."

அண்ணா, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கவேண்டும். இத்தனை மாதம் மணலிலும் மழையிலும் கிடந்த ஜனங்கள் அத்தனை பேரும் 'என் ராஜ்யம்' என்று ஒரே குரலில் கத்தினார்கள். அதற்கு நடுவே ராஜ்யம் வலது காலால் அரிசியைத் தள்ளிவிட்டு, என் படியைத் தாண்டி உள்ளே போனாள். நான் எத்தனை நாளாகப் பார்க்கக் காத்திருந்தேன், கண்ணீரில் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஹெட் கான்ஸ்டபிள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அம்மா, இப்போ சொன்னது எந்த ராஜ்யம்?"

"ஒண்ணு வந்துடுச்சு, இன்னொண்ணு வந்துகிட்டு இருக்கு. லட்டு எடுத்துக்கோங்க" என்றேன். அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டான். ஒன்று நெல்லூரில் இருக்கிற தன் மகளுக்காம். (அதிகாரி ஐயா, அந்த இன்னொன்று மருமகள் இல்லை. சொல்லிவிட்டுச் சொல்கிறேன் என்றேனே.)

நான் இனி திரும்பிப் போகவில்லை. சத்தியம் யாரும் கேட்கவில்லை, நானும் கை தூக்கவில்லை. படி இருக்கிற இடம்தானே வீடு, விளக்கை இங்கேயே வைத்துவிட்டேன். அண்ணி பக்கத்துக் குடிசைதான், தினமும் சண்டை போடுகிறோம், பொழுது போகிறது. வீரபத்ரம் கிணற்றடியில் இப்போது யாருக்கும் ஒளியாமல் தண்ணீர் இறைக்கிறான்.

கதவு இல்லாத வாசல், எப்போது வந்தாலும் திறந்திருக்கும். ஆனால் படி அதே ஒரு சாண் உயரம்தான், குறைக்க நான் விடவில்லை. வரும்போது கீழே பார்த்து வா, அண்ணா. விரலை இடித்துக்கொண்டு என்னைத் திட்டாதே.

சேஷம்மா
கோதண்டபுரம்